நான் பார்த்துவிட்டால்?

தோற்றவர் இரண்டு டீ வாங்கித் தர வேண்டும். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த கைக்கடிகாரக் கடையில் அதுதான் விதி. பழுதுபார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் செஸ் பலகை எப்போதும் விரித்தே இருக்கும். கடைக்காரர் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பல்சக்கரங்களைத் துடைத்தபடியே ஆடுவார். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. யாரோ கொடுத்த ஜெராக்ஸ் பிரதியில் ஒரு பொறியைப் படித்துவிட்டு, கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்தக் கடையில் டீக்குக் காசே கொடுக்காமல் ஆடினேன்.

பொறி இதுதான். இரு தரப்பும் ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகின்றன. இரு தரப்பிலும் ஒரு குதிரை வெளியே வருகிறது. வெள்ளை தன் மந்திரியைச் சாய்கோட்டில் நீட்டி, கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்திலிருக்கும் பலவீனமான சிப்பாயைக் குறிபார்க்கிறது. உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் தொடக்கம். இப்போது கறுப்பு, வெளியே வந்த அதே குதிரையை மறுபடி எடுத்துப் பலகையின் நடுவில் வைக்கிறது. அதுவரை அந்தக் குதிரை காத்துவந்த சிப்பாய் காவலின்றி நிற்கிறது. வெள்ளைக் குதிரை அதை வெட்டுகிறது. கறுப்பு ராணி வெளியே பாய்கிறது. வெள்ளைக்கு இப்போது இன்னும் பெரிய விருந்து தெரியும்: குதிரை இன்னொரு சிப்பாயை வெட்டினால் கறுப்பின் ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கலாம். வெட்டும். ஏழாவது நகர்வில், தன் காய்களாலேயே நெருக்கப்பட்டு மூச்சுமுட்டி நிற்கும் வெள்ளை ராஜாவுக்கு நடுவிலிருந்த குதிரை செக்மேட் சொல்லும்.

இதற்கு பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட் என்று பெயர். ஜோசப் ஹென்றி பிளாக்பர்ன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய இங்கிலாந்து ஆட்டக்காரர். காபிக் கடைக்கு வருபவர்களிடம் ஆட்டத்துக்கு ஒரு ஷில்லிங் வைத்து இந்தப் பொறியால் சம்பாதித்தார் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். அவருக்கு ஷில்லிங், எனக்கு டீ.

கடைக்காரரிடம் மட்டும் நான் அதுவரை அதை வைத்ததில்லை. வைத்த அன்று அவர் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காவலின்றி நின்ற சிப்பாயைத் தொடவில்லை. நடுவில் வந்து நின்ற என் குதிரையைத் தன் குதிரையால் வெட்டினார். நான் சிப்பாயால் திருப்பி வெட்டினேன். அவ்வளவுதான். பத்து நகர்வுக்குள் அவருடைய காய்களெல்லாம் வெளியே வந்து நின்றன. என் காய்கள் பிறந்த வீட்டிலேயே இருந்தன. அவசரமே இல்லாமல் தோற்கடித்தார். டீ வந்ததும் காய்களை அந்தப் பழைய இடத்துக்கே திரும்ப அடுக்கினார்.

“தம்பி, குதிரைய இங்க கொண்டாந்து வச்சியே. நான் பாத்துட்டா என்ன செய்யலாம்னு இருந்தே?”

“பாக்கமாட்டீங்கன்னு நெனச்சேண்ணே.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த முப்பது வருஷத்தில் செஸ் பற்றி நான் படித்த எல்லாவற்றையும் அந்தக் கேள்வியில் உரசித்தான் பார்த்துவருகிறேன்.

கேம்பிட் என்ற சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. அதில் கால் இருக்கிறது. மல்யுத்தத்தில் எதிராளியின் காலை இடறிவிடும் பிடிக்கு அந்தப் பெயர். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் எழுதிய செஸ் நூலில் அதை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். சொல் பிறந்த இடத்திலேயே குழப்பமும் பிறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். இடறிவிடுவது ஒளிவில் நடப்பது. கேம்பிட்டோ ஒரு சிப்பாயை எதிராளியின் கண்ணுக்கு நேரே நீட்டி, எடுத்துக்கொள் என்கிறது. எடுத்துக்கொண்டால் உனக்கு ஒரு சிப்பாய் அதிகம், எனக்கு இரண்டு மூன்று நகர்வுகள் அதிகம். எது பெரிது என்று ஆடிப் பார்ப்போம் என்று ஒப்பந்தமே போடுகிறது. தமிழில் இதைத் தியாகம் என்று எழுதுகிறார்கள், பலி என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் தூண்டில் என்கிறோம். மூன்றும் மூன்று வேறு காரியங்கள். தூண்டிலில் புழு மட்டும் தெரியும், முள் தெரியாது. செஸ் பலகையில் முள்ளும் வெளியேதான் இருக்கிறது. சீட்டாட்டம்போல் கையில் மறைத்து வைத்துக்கொள்ள இங்கே எதுவுமில்லை. அறுபத்து நான்கு கட்டமும் இருவருக்கும் பொது. மறைவாக இருப்பது எதிராளியின் ஆசை ஒன்றுதான். பொறி வைப்பவன் அதைத்தான் நம்பி வைக்கிறான்.

திண்ணையில் கரிக்கட்டியால் கட்டம் கீறி ஆடுபுலி ஆடியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஓர் ஆட்டைப் புலியின் வாய்க்கருகே வைப்பார்கள். அதை வெட்டத் தாவிய புலி திரும்பிவர வழியில்லாமல் மற்ற ஆடுகள் சூழ்ந்துகொள்ளும். ஆனால் புலி தாவாமல் இருந்துவிட்டாலும் அந்த ஆடு தன் இடத்தில் உபயோகமாக நிற்கவேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

லெகால் பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். 1702 முதல் 1792 வரை வாழ்ந்த லெகால், பாரிஸ் நகரத்து கஃபே தெ லா ரெஜான்ஸ் என்ற காபிக் கடையில் ஆடியவர், ஃபிலிடோர் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு ஆசான். கறுப்பு மந்திரி வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போட்டிருக்கிறது. குதிரை நகர்ந்தால் பின்னாலிருக்கும் ராணி போய்விடும். கறுப்பு அந்தத் தைரியத்தில், ராஜா இருக்கும் பக்கத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் தள்ளிவைக்கிறது. வெள்ளைக் குதிரை கட்டை அறுத்துக்கொண்டு நடுவிலிருக்கும் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு மந்திரி ராணியை எடுத்துக்கொள்கிறது. வெள்ளை மந்திரி செக் சொல்கிறது, ராஜா ஒரு கட்டம் முன்னே வருகிறது, இரண்டாவது குதிரை வந்து முடித்துவிடுகிறது. ராணியில்லாத வெள்ளை, ஒரு மந்திரியையும் இரண்டு குதிரைகளையும் வைத்துக்கொண்டு ஏழே நகர்வில் செக்மேட் செய்கிறது. முதன்முறை இதைப் பார்க்கும் குழந்தையின் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும். ராணிதான் எல்லாம் என்று அதுவரை நம்பியிருந்த குழந்தை அது.

கடைக்காரரின் கேள்வியை இதனிடம் கேட்கலாம். கறுப்பு பார்த்துவிட்டால்? ராணியை எடுக்காமல், சிப்பாயால் குதிரையை வெட்டிவிட்டால்? ஒன்றும் கெடவில்லை. வெள்ளை ராணி அந்தக் கறுப்பு மந்திரியை எடுத்துக்கொள்ளும். கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். எதிராளி விழித்திருந்தாலும் நகர்வு சரியான நகர்வுதான், தூங்கினால் மேட்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். கறுப்பு அந்தச் சிப்பாயைத் தள்ளுவதற்குப் பதிலாக, ராணிப் பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்திருக்கிறது என்று வையுங்கள். பார்வைக்கு எல்லாம் அதேதான். வெள்ளைக் குதிரை அதேபோல் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு ஆசைப்பட்டு ராணியை எடுத்தால் அதே மேட்தான். ஆனால் கறுப்பு பார்த்துவிட்டால், புதிதாக வந்த குதிரையால் வெள்ளைக் குதிரையை வெட்டும். அந்தக் குதிரை நிற்கும் இடத்திலிருந்து தன் மந்திரியையும் காக்கும். வெள்ளை ராணி இப்போது அதைத் தொட முடியாது. ஒரு சிப்பாய்க்காக ஒரு குதிரையைப் பறிகொடுத்துவிட்டு வெள்ளை நிற்கும். அதே நகர்வு, அதே கனவு. ஒரு குதிரை ஒரு கட்டத்தில் இருப்பதும் இல்லாததும்தான் முதலாவதை ஆட்டமாகவும் இரண்டாவதைச் சூதாட்டமாகவும் ஆக்குகிறது. பொறிகளைப் பட்டியலிடும் புத்தகங்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. படித்தவன் மேட்டை மனத்தில் பதித்துக்கொள்கிறான், கட்டத்தை மறந்துவிடுகிறான். நானும் அப்படி இரண்டாவதை வருஷக்கணக்கில் ஆடியிருக்கிறேன்.

யாருமே வைக்காத பொறியும் உண்டு. 1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். விஸ்வநாதன் ஆனந்துக்கு வயது பதினெட்டு. கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற ஆண்டு அது. எதிரில் கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டா. ஆனந்த் ஆடியது பெட்ராஃப் தற்காப்பு, கறுப்புக்குக் கிடைக்கும் தொடக்கங்களிலேயே பத்திரமானதாகப் பேர்பெற்றது. ஐந்தாவது நகர்வில் நடுவில் நின்ற தன் குதிரைக்குக் காவலாக மந்திரியை வெளியே கொண்டுவந்தார். சபாட்டா தன் ராணியை ராஜாவின் முன்னால் ஒரே ஒரு கட்டம் நகர்த்தி வைத்தார். கறுப்புக் குதிரை நகர முடியாது. பின்னால் அதே வரிசையில் கறுப்பு ராஜா. சிப்பாயால் முட்டுக்கொடுத்தால் வெள்ளை இன்னொரு சிப்பாயைத் தள்ளித் தாக்கும். குதிரை போய்விட்டது. ஆனந்த் ஆறாவது நகர்வில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அந்த மந்திரி நகர்வை ஆனந்த் சும்மா ஆடவில்லை. முந்தைய ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் டோனி மைல்ஸும் லாரி கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் அதே நகர்வு வந்திருந்தது. மைல்ஸ் ராணியை நகர்த்தவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய நகர்வு, சமனில் முடிந்த ஆட்டம். நம்புவதற்கு வேறென்ன வேண்டும்? அச்சில் வந்ததை நம்பிய பதினெட்டு வயதுப் பையனை நான் குறைசொல்லமாட்டேன். பொறிகளை மனப்பாடம் செய்பவர்களைவிட, நல்லதென்று மனப்பாடம் செய்துகொண்டவர்கள்தான் பொறியில் அதிகம் விழுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. பதிவில் இருந்த ஒரு நகர்வு, ‘எதிராளி பார்த்துவிட்டால்?’ என்று கேட்கப்படாமலே ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் பயணம் செய்திருக்கிறது.

ஏழு வருஷம் கழித்து, 1995இல் லாட்வியாவின் ரிகாவில், அதே ஆனந்த் வேறு விதமாகத் தோற்றார். காஸ்பரோவ் அவருக்கு எதிராக எவன்ஸ் கேம்பிட்டை எடுத்தார். வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர் 1820களில் கண்டுபிடித்தது. உச்சத்து ஆட்டங்களில் அதை யாரும் எடுக்காமல் வெகுகாலம் ஆகியிருந்தது. நாலாவது நகர்விலேயே சிப்பாயை நீட்டுகிறது அது. ஆனந்த் எடுத்துக்கொண்டார். 25 நகர்வுகளில் தோற்றார். இதை யாரும் பொறி என்று சொல்லமாட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நகர்வு அது. பார்த்த பிறகும் பதில் சொல்லக் கடினமாக இருந்தது. பீலில் தோற்ற ஆட்டத்தில் கற்றுக்கொள்ள ஒரு வரிதான் இருக்கிறது. ரிகா ஆட்டத்தை இன்றைக்கும் உட்கார்ந்து ஆராயலாம்.

கேம்பிட் என்பதன் கௌரவம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது மார்ஷல் ஆட்டம். 1918, நியூயார்க். ஃபிராங்க் மார்ஷல் ஸ்பானிய ஆட்டத்தின் எட்டாவது நகர்வில் நடுச் சிப்பாயை கபாபிளாங்காவிடம் நீட்டினார். கபாபிளாங்காவுக்காகவே அதை வருஷக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார் என்றொரு கதை உண்டு. வரலாறு தெரிந்தவர்கள் அதை நம்புவதில்லை. நடந்தது போதுமான அளவு பெரியது. எதிராளி வீட்டில் தயாரித்து வந்திருக்கிறான், எடுத்தால் கடுமையான தாக்குதல் வரும் என்று கபாபிளாங்காவுக்குத் தெரியும். தெரிந்தே எடுத்தார். தன் திறமைக்கு விடப்பட்ட சவாலாக அதைக் கருதியதாகப் பின்னால் எழுதினார். தாக்குதலை ஒவ்வொரு அடியாகத் தாங்கி 36 நகர்வுகளில் வென்றார்.

பொறியாக இருந்திருந்தால் அது அன்றோடு செத்திருக்கும். உலகத்திலேயே சிறந்த தற்காப்பாளர் பார்த்துவிட்டார், பதிலும் சொல்லிவிட்டார். ஆனால் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, இன்று உச்சத்தில் ஆடுகிறவர்கள் பலர் அந்த நிலைக்குள் நுழையாமலிருக்கவே வெள்ளையில் தனி வழிகள் வைத்திருக்கிறார்கள். மார்ஷல் எதிர்ப்பு வழிகள் என்றே அவற்றுக்குப் பெயர். தோற்ற ஆட்டத்திலிருந்து பிறந்த தொடக்கம் தோற்றவரின் பெயரால் வாழ்கிறது.

இந்த இடத்தில் என் கணக்கைக் கலைக்கிறவர் ஒருவர் உண்டு: மிகயில் தால். சென்னையில் ஆனந்த் சிறுவனாகப் பழகிய மன்றத்துக்கு அவர் பெயர்தான். 1960 உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், போட்வின்னிக்குக்கு எதிராகத் தால் ஒரு குதிரையைக் கொடுத்தார். அரங்கத்தில் எழுந்த இரைச்சலில் ஆட்டத்தைப் பின்னறைக்கு மாற்றவேண்டியதாயிற்று. வெள்ளைக்கு நல்ல பதில் இருந்தது என்பதைப் பிறகு ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். பலகையில் அது போட்வின்னிக்குக்குக் கிடைக்கவில்லை, தால் வென்றார். அப்படியானால் தால் செய்ததும் ஷில்லிங் பொறிதானா? வெகுநாள் இதை யோசித்திருக்கிறேன். இல்லை என்பதுதான் என் தீர்ப்பு. போட்வின்னிக் பார்க்கமாட்டார் என்று தால் எண்ணவில்லை. எதிராளி முழுக் கவனத்தோடு, முழு நேரத்தையும் செலவிட்டுப் பார்க்கவேண்டும் என்றுதான் அந்தக் குதிரையைக் கொடுத்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் முழுக்கத் தெரியாது. கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே இருட்டில் நின்றார்கள். ஷில்லிங் பொறியில் ஒருவன் கையில் மட்டும்தான் விளக்கு இருக்கிறது.

இப்போது ஆட்டம் கைபேசிக்கு வந்துவிட்டது. மூன்று நிமிட ஆட்டங்களில் பொறிகளுக்குப் புது வாழ்வு. ஆனந்த் பீலில் ஆடினாரே, அதே பெட்ராஃப். அதில் மூன்றாவது நகர்வில் பத்திரமான சிப்பாய் நகர்வுக்குப் பதிலாக இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவந்தால் ஸ்டாஃபோர்ட் கேம்பிட். அமெரிக்க சர்வதேச மாஸ்டர் எரிக் ரோசன் காணொளிகளில் ஆடிக்காட்ட, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அது உலகெங்கும் பரவியது. அதன் அழகான கண்ணி ஒன்றில், வெள்ளை மந்திரி கறுப்புக் குதிரையைக் கட்டிப்போடும். குதிரை கட்டை அறுத்துக்கொண்டு பாயும். வெள்ளை, கறுப்பின் ராணியை எடுக்கும். கறுப்பின் இரண்டு மந்திரிகளும் குதிரையும் சேர்ந்து மேட் செய்யும். பார்த்தவுடன் எனக்கு லெகாலின் பேரப்பிள்ளையைப் பார்த்ததுபோல் இருந்தது. நிறம் மாறி, முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தைத் தாண்டி வந்திருக்கிறது. ஆனால் வெள்ளை அந்த மந்திரியை அங்கே கொண்டுபோகாமல், ராஜாவின் பக்கத்து மந்திரியை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி வைத்தால், கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஈடாகக் காட்ட அதிகமில்லை. தாத்தாவின் நேர்மை பேரனுக்கு வரவில்லை.

இதை ஆடும் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. கட்டிப்போடுவது, கட்டை அறுப்பது, ராணியைவிட நகர்வு பெரிதென்பது, எல்லாம் பொறிகளின் வழியாகத்தான் கைக்கு வருகிறது. என் வருத்தம் வேறு. பொறி வைத்தவன் எதிராளியின் அடுத்த நகர்வுக்குக் காத்திருக்கும்போது பலகையைப் பார்ப்பதில்லை. எதிராளியின் கையைப் பார்க்கிறான். எடு, எடு என்று மனம் வேண்டிக்கொண்டிருக்கும். அந்த வேண்டுதல் ஓடும் நேரத்தில் அவனால் ஆட முடியாது. எதிராளி வேறு காயைத் தொட்டவுடன் அவனிடம் ஒரு யோசனையும் இருக்காது. கைபேசியில் ஆயிரம் ஆட்டம் ஜெயித்துவிட்டு, நேருக்கு நேர் மேசையில் உட்கார்ந்ததும் பத்தாவது நகர்வில் திகைத்துப்போகும் பையன்களை நான் பார்க்கிறேன். அவர்களுக்கு ஆட்டமே அங்கேதான் தொடங்குகிறது. அதுவரை அவர்கள் காத்திருந்தார்கள்.

லாஸ்கர் பொறியை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பேன். ஆல்பின் எதிர் கேம்பிட்டில் வரும் அது. கறுப்புச் சிப்பாய் ஒன்று ஏழாவது நகர்விலேயே கடைசிக் கட்டத்தை எட்டிவிடும். ராணியாக மாற்றலாம். எல்லாக் கையும் ராணியை நோக்கித்தான் போகும். மாற்றினால் வெள்ளை தப்பித்துவிடும். அங்கே குதிரையாக மாற்றவேண்டும். குதிரை செக் சொல்லும், அதை வெட்டினால் மந்திரி வந்து ராஜாவுக்குப் பின்னால் நிற்கும் ராணியை இழுத்துக்கொண்டு போகும். எதிராளியின் ஆசையில் வைத்த பொறியை மூடுவதற்கு, வைத்தவன் தன் ஆசையை விடவேண்டியிருக்கிறது.

கடைக்காரர் காலமாகிவிட்டார். அந்த இடத்தில் இப்போது கைபேசி ரீசார்ஜ் கடை. பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லெகால் பொறியைக் காட்டுங்கள், கைதட்டட்டும். பிறகு காய்களைத் திரும்ப அடுக்கி, கறுப்பின் அந்த ஒரு குதிரையை வெளியே வைத்து, இப்போதும் வெட்டுவாயா என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.